மாப்பிள்ளையை விசாரிக்கப் போய் நாய்க்கயிறு பிடித்த வகையில்

பிரிக்பீல்ட்ஸ்,
செவ்வாய்க்கிழமை காலை

கிள்ளானில் சர்க்கரையோடும் சந்தோஷத்தோடும் வாழும் அன்புத் தங்கை சந்திரகலாவுக்கு அண்ணன் ராதாகிருஷ்ணன் எழுதிக்கொண்டது. இங்கே என் இடது முட்டியைத் தவிர மற்ற உறுப்புகள் அனைத்தும் சுகம். அங்கே உன் சுகம், மச்சான் தம்புசாமியின் சுகம், மருமகள் விஷ்ணுப்ரியாவின் சுகம் ஆகியவற்றை உடனே எழுதவும். இதை வாட்ஸ்அப்பில் சொல்லக் கூடாதா என்று நீ கேட்பாய். உன் போனை உன் மகள் பார்க்கிறாள், உன் மகளின் போனை யார் பார்க்கிறார்களோ எனக்குத் தெரியாது. கடிதமென்றால் யாராவது பிரித்தால் தெரிந்துவிடும். உறையை ஒட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், சரிபார்த்துக்கொள்.

நீ சொன்ன காரியத்தை முடித்துவிட்டேன். நம் பிரியாவுக்கு நீங்கள் பார்த்திருக்கும் அந்த லோகேஸ்வரன் என்ற பையனை, தாய்மாமன் என்ற முறையில், அக்குவேறு ஆணிவேறாக விசாரித்தாயிற்று. வெள்ளிக்கிழமை அவன் வீட்டார் முடிவு கேட்க வருகிறார்கள் என்பதால் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேண்டாம். இதுதான் கடைசி மாப்பிள்ளை, இதையும் கலைத்தால் இனிப் பெண் பார்க்க யாரையும் கூப்பிடாதீர்கள் என்று பிரியா சொன்னதாக நீ போனில் அழுதாய். அழாதே. முழுவதும் படி.

நீ அனுப்பிய ஜாதகத்தோடு இருந்த தாளில் அவனுக்கு என்ன வேலை என்ற இடத்தில் 'சொந்தத் தொழில்' என்று போட்டிருந்தது. ரயிலில் டிக்கெட் பரிசோதகனாக இருந்த காலத்தில், டிக்கெட் அடுத்த பெட்டியில் இருக்கும் நண்பனிடம் இருக்கிறது என்று சொன்னவர்களையெல்லாம் பார்த்தவன் நான். சொந்தத் தொழில் என்பதும் அந்த மாதிரிப் பேச்சுதான். அதனால் அவன் தினமும் வருகிற கொண்டோ அடுக்குமாடிக்கு எதிரே இருக்கும் மாமாக் என்கிற முஸ்லிம் டீக்கடையில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். காலையில் மோட்டார் சைக்கிளில் வந்தான். இடுப்பில் ஒரு கொத்துச் சாவி. ஒருவன் இடுப்பில் பல வீட்டுச் சாவி தொங்கினால் அவன் காவல்காரனாக இருக்க வேண்டும், இல்லையென்றால் காவல்காரன் தேடுகிற ஆளாக இருக்க வேண்டும். இவனிடம் சீருடை இல்லை. வெறுங்கையோடு உள்ளே போனவன் ஒரு நாயோடு வெளியே வந்தான், கொஞ்சநேரத்தில் அதைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வேறொரு நாயோடு வந்தான். அதோடு முடிந்ததா? நடுவில் நடுவில் சின்னச் சின்னக் கறுப்புப் பைகளை இறுக்க முடிச்சுப் போட்டு, இருபக்கமும் பார்த்துவிட்டு, தெருமுனைக் குப்பைத்தொட்டியில் போட்டான். எனக்கு ரத்தம் சூடேறிவிட்டது. அவன் அந்தப் பக்கம் போனதும் குடைக்கம்பியால் ஒரு பையை எடுத்து, முடிச்சை அவிழ்த்து, உள்ளே பார்த்தேன். என்ன இருந்தது என்று எழுதமாட்டேன், நீ சாப்பிடுகிற நேரத்தில் தபால் வரக்கூடும். நாய் வைத்திருப்பவர்களுக்குப் புரியும்.

அந்த நிலையில் நான் நின்றுகொண்டிருந்தபோதுதான் பின்னாலிருந்து அவன் குரல் வந்தது. "அங்கிள், வேலைக்கு ஆள் எடுக்கறேன்னு ஒட்டியிருந்தத பாத்துட்டு வந்தீங்களா? இவ்ளோ ஆர்வமா இருக்கீங்க, நாளைக்கே வாங்க லா." கையில் அந்தப் பையை வைத்துக்கொண்டு நான் வேறு என்ன சொல்ல முடியும்? ஆமாம் என்றேன். பெயர் கேட்டான். எதிர்க்கடைப் பலகையில் இருந்த பழனியப்பன் என்ற பெயரைச் சொல்லிவைத்தேன். இப்படித்தான் சந்திரா, உன் அண்ணன், முப்பது வருடம் அரசாங்க ரயிலில் டிக்கெட் பார்த்தவன், நாய் நடத்துகிற உத்தியோகத்தில் சேர்ந்தான். எல்லாம் பிரியாவுக்காக.

என்னிடம் கொடுக்கப்பட்ட முதல் நாய் 'தவுக்கே', முதலாளி என்று அர்த்தம். பனிதேசத்து நாயாம், வெள்ளை வெளேரென்று, ஒரு கண் நீலம். அதன் எஜமானி ஒரு சீன டாக்டரம்மா. பனிதேசத்து நாயைக் கோலாலம்பூர் வெயிலில் வளர்ப்பது ஏன் என்று கேட்டதற்கு லோகேஸ் சிரித்தான். இதையும் குறித்துக்கொள். தார் ரோட்டில் புறங்கையை வைத்துப் பார்க்கச் சொன்னான். "கை தாங்கலனா காலும் தாங்காது அங்கிள், புல்லுல கூட்டிட்டுப் போங்க." நன்றாகத்தான் சொன்னான். நன்றாகச் சொல்கிறவர்களிடம்தான் நான் எப்போதும் உஷாராக இருப்பேன். தவுக்கேயோ ஒவ்வொரு விளக்குக் கம்பத்தையும் நின்று முகர்ந்து பார்க்காமல் நகராது. ஒரு கம்பத்தை விட்டுவிட்டால் திரும்பிப் போய்ப் பார்க்கும். அதுவரைக்கும் அதன் மேல் எனக்கு மரியாதை இருக்கவில்லை, அப்புறம் வந்துவிட்டது. நானும் எந்தப் பெட்டியையும் விட்டதில்லை.

இரண்டாம் நாளே வம்பு. நாய்களைச் சாமான் ஏற்றும் லிஃப்டில்தான் கொண்டுபோக வேண்டும் என்று லோகேஸ் சொல்லியிருந்தான். ஏதோ மறைக்கத்தான் சொல்கிறான் என்று நினைத்து, வேண்டுமென்றே முன்பக்க லிஃப்டில் ஏறினேன். நடுவில் கதவு திறந்தால் ஒரு மலாய்க் குடும்பம், தொழுகைக்குப் புறப்பட்ட வெள்ளை உடையில், பிள்ளைகளோடு நிற்கிறது. தவுக்கே நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு அவர்களைப் பார்த்து வாலாட்டுகிறது. நாய் எச்சில் பட்டால் அவர்கள் மறுபடி சுத்தம் செய்யாமல் தொழ முடியாது. எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. அந்த அம்மா பிள்ளைகளைப் பின்னால் இழுத்துக்கொண்டு, "தாக் அப்பா, பக்சிக்" என்று, பரவாயில்லை பெரியவரே என்று, சிரித்தமாதிரியே சொல்லி அடுத்த லிஃப்டுக்கு நின்றுகொண்டாள். அவள் திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கீழே வாசல் காவல்காரன் திட்டினான், அதில் கொஞ்சம் நிம்மதி கிடைத்தது.

சனிக்கிழமை அதைவிட மோசம். பூக்கடை வள்ளியம்மா தவுக்கேயைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டு, "சனிக்கிழமையும் அதுவுமா பைரவரே வந்திருக்காரு" என்று நெற்றியில் குங்குமம் வைத்து, கழுத்தில் சாமந்தி மாலையைப் போட்டுவிட்டாள். நான் தடுப்பதற்குள் இன்னும் இரண்டு பெண்கள் சுற்றி வந்துவிட்டார்கள். வெள்ளை நாயில் குங்குமம் எளிதில் போகாது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். டாக்டரம்மா கோபப்படுவாள் என்று பார்த்தால், அவள் குதிக்காத குறையாகப் படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டாள். அதில் கயிற்றின் இந்த முனையில் என் பாதி மூக்கு தெரிகிறது. பிரியா கண்ணில் படாமல் பார்த்துக்கொள்.

நியாயமாக எழுத வேண்டும் என்பதற்காக இதில் கிடைத்த நல்லதையும் எழுதுகிறேன். என் சர்க்கரை இறங்கியிருக்கிறது, கிளினிக்கில் இரண்டாம் தடவை ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், நம்பவில்லை. பல வருடமாக என் முகத்தைப் பார்க்காமல் போன அக்கம்பக்கத்தார் இப்போது நின்று வணக்கம் சொல்கிறார்கள். நாய்க்குத்தான் சொல்கிறார்கள், இருந்தாலும் என் பக்கமாகத்தான் சொல்கிறார்கள். 'பிரின்சஸ்' என்று ஒரு குட்டி நாய், என் உள்ளங்கையளவு இருக்கும். போன வாரம் ஒருநாள் மாலை இடி இடித்தபோது அது நடுங்கி என் சட்டைக்குள் ஏறி, மழை விடும்வரை கடைகளின் முன்னால் ஐந்தடி நடைபாதையில் என் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டே தூங்கியது. உன் அண்ணி போன பிறகு என்னைப் பிடித்துக்கொண்டு தூங்கிய முதல் ஜீவன் அதுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மழை என்று சொல்லிச் சமாளித்தேன். இதற்கும் விசாரணைக்கும் சம்பந்தமில்லை.

விசாரணைக்கு வருகிறேன். இத்தனை நாளும் பக்கத்தில் நடந்துகொண்டே அவனை நோண்டி நோண்டிக் கேட்டேன். குடிப்பாயா என்றால், "கல்யாணம் காட்சின்னா ரெண்டு கிளாஸ் அங்கிள்" என்கிறான். காதல் கீதல் உண்டா என்றால், "ஒண்ணு இருந்துச்சு, அவங்க ஆஸ்திரேலியா போயிட்டாங்க, கொஞ்சநாள் அழுதேன்" என்கிறான். படித்த படிப்புக்கு இன்சூரன்ஸ் ஆபீஸில் இருந்தாயாமே, ஏன் விட்டாய் என்றால், "அங்க யாரும் என்னைப் பாத்து வாலாட்டல அங்கிள்" என்கிறான். அவன் சொன்னதையெல்லாம் நான் தனியாகப் போய்ச் சரிபார்த்தேன். அவன் பழைய ஆபீஸுக்குப் போனேன், அவன் குடியிருக்கும் சாலாக் செலாத்தான் பக்கம் போய்ப் பலகாரக்கடையில் கேட்டேன். எல்லாம் சொன்னது சொன்னபடி இருக்கிறது. கடைசியாகக் கல்யாணப் பேச்சை எடுத்தேன். "கிள்ளான்ல பொண்ணு பாத்திருக்காங்க அங்கிள். போன்ல நல்லா பேசுறாங்க, எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு. ஆனா அவங்க மாமா ஒருத்தர் இருக்காராம், எல்லாத்தையும் துருவித் துருவிப் பாப்பாராம். அவர நெனச்சாதான் பயமா இருக்கு." அந்த மாமா பழகிப் பார்த்தால் தங்கமானவர் என்று நான் சொல்லிவைத்தேன்.

இப்போது காரணத்தைச் சொல்கிறேன். இத்தனை நாளில் அவன் வாயிலிருந்து ஒரு பொய்கூட எனக்குக் கிடைக்கவில்லை. யோசித்துப் பார் சந்திரா. மச்சான் பொய் சொல்லாமல் உன்னோடு ஒருநாள் ஓட்ட முடியுமா? ஒரு மனிதனிடம் பொய்யே அகப்படவில்லை என்றால் அது இல்லை என்று அர்த்தமில்லை, நாம் இன்னும் கண்டுபிடிக்காத இடத்தில் வைத்திருக்கிறான் என்று அர்த்தம். அப்படிப்பட்டவனிடம் நம் பெண்ணைக் கொடுத்துவிட்டு ஆயுசு முழுவதும் தேடிக்கொண்டிருக்க முடியாது. ஆகவே வெள்ளிக்கிழமை, ஜாதகம் கூடவில்லை என்று பக்குவமாகச் சொல்லி அனுப்பிவிடு.

மச்சானுக்கு என் வணக்கம். பிரியாவுக்கு என் ஆசி, அவள் கோபப்பட்டால் இரண்டு ஆசி. உங்கள் வீட்டு வாசலைப் பத்துமலை முருகன் பார்த்துக்கொள்ளட்டும், உள்ளே யார் வருகிறார்கள் என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் நன்மையைத் தவிர வேறொன்றும் நாடாத அண்ணன்,
ராதாகிருஷ்ணன்

பின்குறிப்பு (செவ்வாய்க்கிழமை மாலை, உறையை நானே பிரித்து எழுதி, வேறு உறையில் மறுபடி கையெழுத்துப் போட்டது): கடிதத்தை உறையில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அப்படியே தவுக்கேயை நடத்திவிட்டுத் தபாலில் சேர்க்கலாம் என்று கிளம்பினேன். தபால்பெட்டி அருகே உறையை எடுக்கக் கயிற்றை ஒரு விரலில் மாட்டினேன். அந்த நேரம் பார்த்து எவனோ மோட்டாரைப் படபடவென்று முறுக்கினான். அவ்வளவுதான், விரலில் கயிறு இல்லை. நாய் கார்களுக்கு நடுவே ஓடுகிறது, நான் இந்த முட்டியை வைத்துக்கொண்டு பின்னால் ஓடுகிறேன். பிறகு ஓட முடியாமல் ரோட்டோரம் உட்கார்ந்து போன் செய்தேன். லோகேஸ் வந்தான். எப்படி விட்டீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னைக் கடையில் உட்காரவைத்துத் தண்ணீர் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் தேடப் போனான். வாழையிலைச் சாப்பாட்டுக்கடையின் பின்பக்கம், சமையல்காரர் போட்ட ஆட்டெலும்பைக் கடித்துக்கொண்டு இருந்ததாம். உயிருக்கு ஒன்றுமில்லை. காலில் கண்ணாடி கிழித்து ரத்தம்.

டாக்டரம்மா கீழே இறங்கி வந்தாள். நாயின் காலைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. யார் கையில் இருந்தது என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் லோகேஸ் முன்னால் வந்து நின்றான். "என் கையிலதான் டாக்டர். போனப் பாத்துக்கிட்டே நடந்தேன். அங்கிள் இன்னைக்கு லீவு, சும்மா வந்தாரு." கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. அவள் கையை நீட்டி வீட்டுச்சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். அவன் கொத்திலிருந்து அதைக் கழற்றும்போது தவுக்கே அவன் கையை நக்கிக்கொண்டே இருந்தது. வெளியே வந்ததும் என்னைப் பார்த்து, "வாங்க அங்கிள், தேத்தண்ணி குடிப்போம்" என்றான்.

சந்திரா, நான் முப்பது வருடம் பொய் பிடித்தவன். தங்களைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்ன பொய்கள்தான் அத்தனையும். எனக்காக ஒருவன் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. நாளைக் காலை டாக்டரம்மாவிடம் போய் என் சொந்தப் பெயரைச் சொல்லி நடந்ததைச் சொல்லிவிடுவேன், அது என் பாடு. மேலே எழுதியதையெல்லாம் அடிக்கக் கை ஓடவில்லை, நீயே அடித்துக்கொள். நான் தேடிய பொய் கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை வருகிறவர்களை உட்காரவைத்து, தட்டை மாற்றி, பெண்ணைக் கொடு.