சின்னையாவின் அகல டயர்

இந்த ஜென்மத்தில் தன் காரில் மாப்பிள்ளை மாலை ஏறாது என்று சின்னையா சபதம் எடுத்தது ஒரு வியாழக்கிழமை சாயங்காலம். சத்தமாக எடுக்கவில்லை. மனைவி நவமணி அடுப்படியில் இருந்தாள். அதனால் மனசுக்குள் எடுத்தார்.

குனோங் ராபாட் மலையடி வரிசை வீடுகளில் சின்னையாவைத் தெரியாதவர்கள் இருக்கலாம். தண்ணி ஆபிசில் மீட்டர் பார்க்கிற மனுஷனை யாருக்குத் தெரிய வேண்டும்? ஆனால் எண்பத்து மூன்றாம் வருஷத்தில் அவருடைய காரைத் தெரியாதவர்கள் அந்தப் பக்கம் கிடையாது. சிவப்பு நிறம். ரெண்டே கதவு. நாலு மூலையிலும் அகல டயர், அதில் வெள்ளை எழுத்து. அந்த எழுத்தைப் பல் விளக்கும் பிரஷ் போட்டு விளக்குவார். அவர் பல்லே அவ்வளவு வெள்ளை இல்லை.

வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போவார். கார் போர்வை போர்த்திக்கொண்டு வீட்டில் தூங்கும். சனி, ஞாயிறு ரெண்டு நாளும் ஈப்போ டவுனை ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து படுக்க வைப்பார். அப்படிப்பட்ட காருக்குத்தான் அன்றைக்கு ஆபத்து வந்தது.

"என்னாங்க, பத்துமலைக்கு ஞாயித்துக்கிழமை கல்யாணம், ஞாபகம் இருக்குல்ல?" என்று கோப்பியை நீட்டினாள் நவமணி. பத்துமலை அவளுடைய ஒரே தம்பி. பாகான் டத்தோவில் தென்னந்தோட்டத்தில் வேலை.

"இருக்கு, இருக்கு."

"மாப்பிள்ளை காருக்கு உங்க காரைக் கேக்குறான்."

சின்னையா கோப்பியை அப்படியே கீழே வைத்துவிட்டார். தோட்டத்துக் கல்யாணத்து மாப்பிள்ளை காரை அவர் பார்த்திருக்கிறார். பானட்டில் செலோடேப் போட்டுப் பூவை ஒட்டுவார்கள். பிய்த்தால் பெயிண்டும் சேர்ந்து வரும். தாலி கட்டி முடிந்ததும் அதே காரில் சோத்து அண்டா ஏறும், தேங்காய் மூட்டை ஏறும், பத்துப் பிள்ளைகள் ஏறும். அதில் ஒன்றாவது கட்டாயம் வாந்தி எடுக்கும்.

"டாக்சி எடுக்கலாம்லா!"

"நானும் அதான் சொன்னேன். கேட்டாத்தானே? அவனுக்கு காரு மேலகூட ஆசை இல்லீங்க. அந்த அகல டயரு மேலதான். 'அது மட்டும் இல்லேன்னா அத்தான் காரைச் சும்மா குடுத்தாலும் வேணாம்க்கா'ன்னுட்டான்."

"அப்படியா சொன்னான்?"

"அப்படியேதான் சொன்னான். சின்னப் பையந்தானே, கோவிச்சுக்காதீங்க."

சின்னையா கோபித்துக்கொள்ளவில்லை. அன்றைக்கு அவருக்கு இருப்பே கொள்ளவில்லை. உட்கார்ந்தார், எழுந்தார். வாசலுக்குப் போய்ப் போர்வையைத் தூக்கி டயரைப் பார்த்தார். திரும்ப வந்தார். திரும்பப் போனார். எட்டாவது தடவை போனபோது மூளையில் மின்னல் வெட்டியது. அகல டயர்தானே கேட்கிறான்? அகல டயரே இல்லாவிட்டால்?

கார் வாங்கின அன்றைக்குக் கழற்றிப் போட்ட பழைய சின்னச் சக்கரம் நாலும் வீட்டுக்குப் பின்னால்தான் கிடந்தது. அதை மாட்டி, கல்யாணம் முடிந்ததும் கழற்றிவிட வேண்டியது. சின்னையாவுக்குத் தன்னையே தோளில் தட்டிக்கொள்ளத் தோன்றியது. கை எட்டவில்லை.

சனிக்கிழமை அரை நாள் வேலை. ஒரு மணிக்கு வந்தவர் சோறு எறங்காமல் எழுந்து பின்னால் ஓடினார். நாலு சின்னச் சக்கரமும் கழுவித் துடைத்துச் சுவரில் சாய்த்து வைத்திருந்தது. அமுக்கிப் பார்த்தார். காற்றும் நிறைய இருந்தது. ரெண்டு வருஷமாக மழையில் கிடந்த டயரில் காற்று எப்படி என்று கேட்க வேண்டாமா? கேட்கவில்லை. அவசரத்தில் இருக்கிறவனுக்கு அதெல்லாம் தோணாது.

ஜாக்கியைப் போட்டுக் காரைத் தூக்கினார். அகல டயரைக் கழற்றினார். சின்னதை மாட்டினார். நட்டு சேரவில்லை. அகல ரிம்முக்கு வேறு நட்டு, பழைய ரிம்முக்கு வேறு நட்டு. பழைய நட்டையெல்லாம் ஒரு பால் டின்னில் போட்டு வைத்தது ஞாபகம் வந்தது. டின் இருந்தது. நட்டு இல்லை.

"நவமணி! டின்னுல இருந்த நட்டு எங்க?"

"எந்த நட்டு?"

"இரும்பு நட்டு! பதினாறு!"

"ஓ, அதுவா? புடலங்காய்ல இருக்கு."

சின்னையா பந்தலடிக்கு ஓடினார். புடலங்காய் சுருண்டு போகாமல் நேராக வளர நுனியில் கல் கட்டித் தொங்க விடுவது எல்லார் வீட்டிலும் உள்ளதுதான். நவமணி கல்லுக்குப் பதிலாக நட்டைக் கட்டியிருந்தாள். சில காய்க்கு ஒன்று, தடித்த காய்க்கு ரெண்டு. மனுஷன் ஸ்டூலைப் போட்டு ஏறி, ஒவ்வொரு காயாகக் கட்டிப்பிடித்து நூலை அவிழ்த்தார். வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த காளியம்மா கையில் வேட்டியோடு நின்றுவிட்டாள்.

"என்னா தம்பி, காயி பறிக்கிறீங்களா?"

"இல்லக்கா, டயர் மாத்துறேன்."

காளியம்மா வேட்டியைக் கொடியில் போட்டாள்.

நாலு மணிக்குள் வேலை முடிந்தது. கழற்றிய அகல டயரையெல்லாம் நவமணியே உருட்டிக்கொண்டு போய்ப் பின்னால் வைத்தாள். "இடுப்பு வலிக்கப் போவுது, நீங்க மாட்டுற வேலையைப் பாருங்க, நான் எடுத்து வைக்கிறேன்" என்றாள். நல்ல மனைவி அமைவது கொடுப்பினை என்று அந்த நேரத்தில் நினைத்துக்கொண்டார் சின்னையா. பாவம்.

ஜாக்கியை இறக்கிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார். அண்ணன் சட்டையைப் போட்ட சின்னப் பையன் மாதிரி கார் தொளதொளவென்று நின்றது. நெஞ்சு வலித்தது. ஆனாலும் சந்தோஷம்.

"எப்படி இருக்கு?"

"அசிங்கமா இருக்கு" என்றாள் நவமணி.

"இனிமே பத்துமலை கேப்பானா?"

"கேக்க மாட்டான். அவனுக்குப் போன மாசமே டாக்சி சொல்லியாச்சுலா."

சின்னையா கையிலிருந்த ஸ்பேனர் காலில் விழுந்தது. அவர் ஒரு காலில் குதித்துக்கொண்டிருக்கும்போதே நவமணி கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். ஸ்டேரிங்கைப் பிடித்து இடது பக்கம் திருப்பினாள். வலது பக்கம் திருப்பினாள்.

"காளியம்மாக்கா! இங்க வந்து பாருங்க, ஒரு கையில திரும்புது!"

"நாந்தான் சொன்னேன்ல!" என்று வேலி தாண்டிச் சத்தம் வந்தது.

"ஏய், எறங்கு! உனக்கு என்னா தெரியும்?" என்று கத்தினார் சின்னையா.

நவமணி ரவிக்கைக்குள்ளிருந்து சின்னப் பர்சை எடுத்தாள். பர்சுக்குள்ளிருந்து லைசென்சை எடுத்தாள். அதில் அவள் போட்டோ சிரித்துக்கொண்டிருந்தது.

"எப்ப?"

"செவ்வாய், வியாழன் தையல் கிளாஸ் போனேன்ல, அப்ப."

"அது தையல் கிளாஸ்னு சொன்னியே!"

"ஆறு மாசமா ஒரு ஜாக்கெட்டுகூட வீட்டுக்கு வரலையேன்னு நீங்க ஒரு நாளாச்சும் கேட்டீங்களா? நீங்க வேலைக்குப் போனதும் உங்க காரைத் தொட்டுப் பாத்தேன். அந்தத் தடி டயரோட ஸ்டேரிங் அசையவே இல்லை, ஆட்டுக்கல்லு மாதிரி. சின்ன டயரு போட்டா பொம்பளையும் ஓட்டலாம்னு சொல்லிக் குடுத்த வாத்தியார் சொன்னாரு. மாத்துங்கன்னு நான் சொன்னா நீங்க மாத்துவீங்களா? அதான் தம்பியை இழுத்தேன்."

சின்னையாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அதில் ஒரு கால் வீங்கியும் இருந்தது.

"இப்பவே பழைய டயரைத் திரும்ப மாட்டுறேன் பாரு!" என்று நொண்டிக்கொண்டே பின்னால் போனார். மூன்று டயர் சுவரோரம் நின்றது. நாலாவது தரையில் படுத்திருந்தது. அதன் அகல ரிம்மின் குழியில் காய்ந்த புல்லைப் பரப்பி, புல்லில் முட்டையை வைத்து, முட்டை மேல் கறுப்புக் கோழியை உட்கார வைத்திருந்தாள் நவமணி. கோழி கழுத்துச் சிறகைச் சிலுப்பிக்கொண்டு அவரை ஒரு பார்வை பார்த்தது.

"எடு கோழியை!"

"ஐயோ, அடைக்கோழிங்க! காலையிலேர்ந்து இடம் தேடி அலைஞ்சிச்சி, இப்பத்தான் உக்காந்திருக்கு. கலைச்சா பாவம் வந்து சேரும். இருவத்தோரு நாளைக்கு அதை அசைக்கக் கூடாது."

"அப்ப என் காரு?"

"மூணு பெருசு, ஒரு சின்னது போட்டு ஓட்டுறதுன்னா ஓட்டுங்க."

 அன்றைக்குச் சாயங்காலம் முழுக்கச் சின்னையா கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தார். கோழிக்கு எதிரில் குந்தி உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தார். அது எழுந்திருக்கிற மாதிரி தெரியவில்லை. அவருக்கு உண்மையிலேயே அழுகை வந்தது. ஆசைப்பட்டு வாங்கின கார். இத்தனை நாளாக ஒரு ஆளைத் தொடவிடாமல் காப்பாற்றியவர், தன் கையாலேயே பதினாறு நட்டையும் முடுக்கிக் கொடுத்திருக்கிறார்.

மறுநாள் காலை அஞ்சரை மணிக்கெல்லாம் நவமணி பட்டுச் சேலையில் தயாராக இருந்தாள். மாப்பிள்ளைக்கு அக்கா. தாலியில் நாத்தனார் முடிச்சு அவள்தான் போட வேண்டும். முன் சீட்டில் காளியம்மா ஏறிக்கொண்டாள். பின் சீட்டில் சீர்த்தட்டு, பழக்கூடை, வேட்டி சேலை, பித்தளைக் குத்துவிளக்கு.

"அப்ப நான் எங்க உக்காருறது?" என்றார் சின்னையா.

"நீங்க மோட்டாரை எடுத்துக்கிட்டுப் பின்னாலயே வாங்க. நடு ரோட்டுல வண்டி நின்னுட்டா தள்ள ஆளு வேணும்ல?"

வண்டி எங்கேயும் நிற்கவில்லை. நிற்கட்டும் நிற்கட்டும் என்று அவர் வேண்டாத சாமி இல்லை. பத்து காஜா டவுனைத் தாண்டினதும் சிவப்பு கார் சின்னதாகி, கண்ணுக்கே தெரியாமல் போய்விட்டது. புழுதியும் வெயிலும் குடித்து, வேட்டியெல்லாம் எண்ணெய்க்கறையோடு அவர் பாகான் டத்தோ போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. பந்தலுக்கு முன்னால் சிவப்பு கார் நின்றது. நெற்றியில் சந்தனம் குங்குமம் வைத்து, கண்ணாடியில் மல்லிகைச் சரம் தொங்கவிட்டிருந்தார்கள். பானட்டின் மேல் ரெண்டு பிள்ளைகள் உட்கார்ந்து ஜிலேபி தின்றுகொண்டிருந்தார்கள்.

நவமணியின் சித்தப்பா சன்னாசி ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்க மாப்ள, வாங்க! நவமணி காரு வாங்கியிருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லலையே! சரி விடுங்க, நீங்களும் கொஞ்சம் காசு சேருங்க. எத்தனை நாளைக்குத்தான் மோட்டார்ல அலைவீங்க?"