திரையை மட்டும் அணைத்தவள்

பயம் வந்தால் என் கை முதலில் வேலை செய்யும். மூளை அப்புறம் சாவகாசமாக வந்து சேரும். இதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. (வெட்கமெல்லாம் அன்றைக்கே தீர்ந்துவிட்டது.)

மதுரையில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் அப்போது எனக்குத் தற்காலிக வேலை. மென்பொருள் எழுதுவதற்கு முன் அதன் திட்டத்தைப் பெட்டிகளும் அம்புக்குறிகளுமாக வரைந்துகொள்ள ஒரு கருவி தயாரித்தோம். பார்வையற்ற பொறியாளர்களும் அதைப் பயன்படுத்தும்படி செய்வது என் பொறுப்பு. ஒவ்வொரு பெட்டிக்கும் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறிப்பு எழுத வேண்டும். கணினி அதைக் குரலில் வாசிக்கும். சோதித்துப் பார்க்கப் பக்கத்து ஊரான பரவையிலிருந்து முத்துலட்சுமி அக்கா வந்தார். பிறவியிலேயே பார்வை இல்லாத பொறியாளர். அவர் சரி என்றால்தான் என் வேலை நிரந்தரம்.

முந்தின நாளிலிருந்தே எனக்குச் சோறு இறங்கவில்லை. மேனேஜர் சுந்தரம் சார் வேறு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

அக்கா விசையைத் தட்டினார். "உள்நுழைவு" என்று வாசித்தது குரல். அடுத்த தட்டு: "கடவுச்சொல்." அதற்கடுத்தது: "அனுமதி. சுந்தரம் சார் மாதிரி. எம்புட்டுத் தட்டினாலும் அசையாது."

அது நான் எழுதியதேதான். விளையாட்டாக எழுதிவைத்து மறந்துபோன குறிப்பு. சத்தத்தை அணைத்துவிட்டுக் கண்ணாலேயே எல்லாவற்றையும் சோதித்த புத்திசாலி நான். இன்னும் எத்தனை இப்படி எழுதினேன் என்பதும் நினைவில்லை. அதுதான் பெரிய பயம்.

பாய்ந்து மவுஸைப் பிடித்து இழுத்தேன். அது போன வழியிலிருந்த பெட்டியையெல்லாம் குரல் வாசித்தது. "பிழைச்செய்தி. சுந்தரம் சார் வாயைத் திறந்தா இதுதான் வரும்." வேறு வழி தெரியாமல் திரையை அணைத்தேன். திரைதான் அணைந்தது. குரல் தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது.

"என்னம்மா பண்ணுன?" என்றார் அக்கா.

"ஸ்கிரீன... அணைச்சுட்டேன்க்கா."

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அடிப்பாவி, அணைச்சா எனக்கென்ன? நான் என்னைக்கும் இப்படித்தான வேல பாக்குறேன்!" சிரிப்பு அடங்கியதும் சொன்னார்: "பெட்டியெல்லாம் பேசுது. ஆனா எந்த அம்பு எங்க போகுதுன்னு ஒண்ணுமே சொல்லல. அது தெரியாம நான் என்னத்த வரைய?"

அம்புகள் எனக்கு ஞாபகத்திலேயே இல்லை. சாருக்குப் பயந்ததைவிட, அந்தக் கேள்விக்குத்தான் அதிகம் கூசிப்போனேன்.

சுந்தரம் சார் தொண்டையைச் செருமினார். "இன்னும் மூணு மாசம் பாப்போம். இனிமே ஸ்கிரீன அணைச்சுட்டே டெஸ்ட் பண்ணும்மா. அதான் உனக்கு நல்லா வருதே."

மூன்று மாதம் இருட்டுத் திரை முன்னால் உட்கார்ந்து அம்புகளைப் பேசவைத்தேன். வேலையும் நிலைத்தது. இதையெல்லாம் வீட்டில் சொன்னதுதான் அடுத்த தப்பு. கோபத்தில் நான் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு முணுமுணுத்தால், என் கணவர் என் தம்பியிடம் இன்றும் சொல்வார்: "ஸ்கிரீன் அணைஞ்சிருச்சு மாப்ள. குரல் இன்னும் ஓடுது."