காணாமற்போன இரண்டு வோல்ட்

தொண்டாமுத்தூர்,
8-11-1936.

சென்னைப் பட்டணத்தில் இஞ்சினீயர் படிப்புப் படிக்கும் மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு, தங்கை சாந்தாமணி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே அப்பா, அத்தை, டிரைவர் மாசாணம், உழவு மாடுகள் எல்லோரும் சுகம். தாங்களும் மழையில் நனையாமல், வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பீர்கள் என்று நம்புகிறோம். அத்தைக்கு அந்த நம்பிக்கை கொஞ்சம் குறைந்தாலும் ரயிலேறி வந்துவிடுவார், ஆகையால் உடனே பதில் எழுதவும்.

"கார் எப்படி ஓடுகிறது?" என்று போன கடிதத்தில் ஒரே வரியில் கேட்டிருந்தீர்கள். ஆயுத பூஜைக்கு மறுநாளிலிருந்து அது ஓடவே இல்லை. ஸ்டார்ட்டரை மிதித்தால், தூக்கத்தில் எழுப்பிய எருமைபோல ஒருமுறை முனகிவிட்டு அடங்கிவிடும். ஹாரன் ஆட்டுக்குட்டிபோலக் கத்தும். முன் விளக்குகளை ஏற்றினால் அவை எரிகின்றனவா என்று பார்க்க இன்னொரு விளக்கு கொண்டுவர வேண்டும். கைப்பிடியைப் போட்டுச் சுற்றிய மாசாணத்தின் மணிக்கட்டை அது திருப்பி அடித்தது. காலேஜுக்கு நேரமாகிறதென்று நான் தவித்ததைப் பார்த்து, அப்பா கௌரவத்தை விட்டுவிட்டு இரண்டு காளைகளைப் பூட்டிக் காரை இழுக்கச் சொன்னார். கார் வழியில் எப்படியும் உயிர்பெற்றுவிடும் என்பது அவர் எண்ணம். அது உயிர்பெறவே இல்லை. நான் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருக்க, பேரூர்ச் சாலையில் ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "ஏனுங்க, இதுக்குப் பெட்ரோல் ஊத்தறீங்களா, பருத்திக்கொட்டை வெக்கறீங்களா?" என்று மிக மரியாதையாக விசாரித்தார்.

அன்றைக்கே அப்பா காரை விற்பதென்று முடிவு செய்துவிட்டார். காரை விற்பது எனக்கு வெறும் காரை விற்பது அல்ல என்பது தங்களுக்குத் தெரியும். கார் இருக்கும்வரை காலேஜ், கார் இல்லாவிட்டால் வீடு, வயசுப்பெண் பஸ்ஸில் ஊராரோடு இடிபட்டுப் போகக்கூடாது என்பதுதானே நம் வீட்டுச் சட்டம்? பொள்ளாச்சியில் பஞ்சு மண்டி வைத்திருக்கும் செங்கோட்டையன் வந்து பார்த்தார். கார் அவருக்காகவும் முனகியது. காபியை மட்டும் குடித்துவிட்டு, "பொறகு வாரனுங்க" என்று போய்விட்டார். கோயமுத்தூரிலிருந்து வந்த மெக்கானிக் பேட்டரி செத்துப்போச்சு என்றார். புதுப் பேட்டரி வாங்கி வைத்தோம். புதுப் பேட்டரியிலும் அதே முனகல். அடுத்தது ஸ்டார்ட்டரையே மாற்ற வேண்டும் என்றார். "ஒவ்வொண்ணா மாத்திக்கிட்டே போனா கடைசீல என்னையவும் மாத்தச் சொல்லுவான். அடுத்த வெள்ளிக்குள்ள ஓடலீன்னா வந்த வெலைக்குத் தள்ளிப்போடறேன். நீயும் படிச்சது போதும் கண்ணு," என்று அப்பா சொல்லிவிட்டார்.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. லீவில் தாங்கள் மறந்துவிட்டுப்போன வோல்ட்மீட்டரை அலமாரியிலிருந்து எடுத்தேன். விளக்குகளை ஏற்றச் சொல்லி, பேட்டரியில் வைத்துப் பார்த்தால் ஆறு வோல்ட். விளக்கிடம் வைத்துப் பார்த்தால் நாலு. இதை அப்பாவிடம் சொன்னது என் தவறு. கணக்கில் துண்டு விழுந்தால் அவருக்கு ஒரே ஒரு காரணந்தான் தோன்றும்.

"ஆறு பொறப்பட்டு நாலுதான் வந்து சேந்துதுன்னா, நடுவால ரெண்டை எவன் எடுத்தான்? மாசாணம்!"

"ஐயோ பண்ணாடி, ஆத்தா சத்தியமா நானு ஒரு வோல்ட்டும் எடுக்கலீங்க! எடுத்து அதை நானு என்னத்தப் பண்டறதுங்க?"

"திருட்டு இல்லீங்கப்பா," என்றேன். "கெணத்துல தண்ணி இருக்குது, கடைசி வயலுக்கு ஏறலீன்னா என்ன பண்ணுவீங்க? வாய்க்காலோட நடந்து போயி எங்க அடைப்புன்னு பாப்பீங்கல்லோ? அதையேதான் நானும் பாக்கறேன்."

அதற்குப்பின் அப்பா நாற்காலியைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டார். அண்ணா, இந்தச் சோதனை எனக்கு ஏன் பிடித்தது தெரியுமா? ஒழுங்கான கம்பியின் இரு முனைகளிலும் மீட்டரின் இரண்டு ஊசிகளைத் தொட்டு வைத்தால் அதன் முள் அசைவதில்லை. எங்கே அடைப்போ, அங்கேதான் துள்ளி எழுகிறது. மனிதர்களிலும் குற்றமற்றவர்கள் இப்படி அமைதியாக இருந்துவிட்டால் விசாரணை எவ்வளவு சுலபம்! பேட்டரியிலிருந்து விளக்குவரை போகும் கம்பியில் இணைப்பு இணைப்பாகப் பார்த்தேன். முள் தூங்கியது. போகிற வழி சுத்தம் என்றால் திரும்புகிற வழியில்தான் கோளாறு. மின்சாரம் திரும்பி வருவதற்குத் தனிக் கம்பி கிடையாது, வண்டியின் இரும்பு உடம்புதான் வழி. அந்த இரும்பையும் பேட்டரியையும் ஒரு செப்புப் பட்டை சேர்க்கிறது. பேட்டரியின் முனையில் ஒரு ஊசி, இரும்பில் ஒரு ஊசி வைத்தேன். முள் குதித்து இரண்டில் நின்றது.

"ரெண்டு!" என்று அப்பா எழுந்துவிட்டார். "அதே ரெண்டு!"

மாசாணம் பட்டையின் போல்ட்டைக் கழற்றினான். உள்ளே இரும்பு தெரியவில்லை. காய்ந்து பாறையான சந்தனம், அதன்மேல் குங்குமம், போல்ட்டின் புரிக்குள்ளெல்லாம் விபூதி. ஆயுத பூஜையன்று கழுவுவதற்காகப் பேட்டரியையும் பட்டையையும் கழற்றி வைத்திருந்தோமே, அப்போது சென்னியம்மாள் அத்தை காருக்குப் பொட்டு வைத்திருக்கிறார். அதன்மேலேயே மாசாணம் பட்டையை வைத்து முடுக்கிவிட்டிருக்கிறான்.

"வண்டி பூராவும் அழுக்கு. அந்த ஒரு எடந்தான் வெள்ளிக்காசாட்டம் பளபளன்னு இருந்துது. அங்க வெக்காம வேறெங்க வெக்கறது?" என்றார் அத்தை.

அவரைக் குறை சொல்ல வாயெடுத்தேன், முடியவில்லை. பட்டை இரும்போடு பொருந்த வேண்டிய இடம் என்பதால்தான் அது பளபளப்பாக இருந்தது, பளபளப்பாக இருந்ததால்தான் அத்தைக்கு அது சாமியாகத் தெரிந்தது. ஆனால் சுரண்டுவதற்கு உப்புக் காகிதத்தை எடுத்ததும் குறுக்கே வந்து நின்றுவிட்டார்.

"சாமிக்கு வெச்ச சந்தனத்தைச் சொரண்டறதா? ஊட்டுக்கு ஆகுமா அம்மணி?"

"காலேஜுக்கு ஆகோணுமல்லோ அத்தை?"

"உங்க கரண்டு சந்தனத்தைத் தாண்டாதா? அவ்வளவு சீக்காளியா அது?"

கடைசியில் சமாதானம் ஏற்பட்டது. சுரண்டியதை வாழையிலையில் ஏந்திக் கிணற்றில் விட்டோம். பட்டையை இறுக முடுக்கியபின், போல்ட்டின் தலைமேல் அத்தை புதிதாக ஒரு பொட்டு வைத்துக்கொண்டார். அதனால் மின்சாரத்துக்கு ஆட்சேபம் இல்லை. ஊசிகளை வைத்துப் பார்த்தேன், முள் தூங்கியது. மாசாணம் ஸ்டார்ட்டரைத் தொட்டானோ இல்லையோ, வண்டி உறுமிக்கொண்டு எழுந்தது. ஹாரன் சத்தத்தில் பக்கத்துத் தோட்டத்து மாடு அறுத்துக்கொண்டு ஓடியது. அப்பா ஊரை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார்.

ஆகவே காரும் பிழைத்தது, என் படிப்பும் பிழைத்தது. காரை விற்க வேண்டாமென்று தாங்கள் அப்பாவுக்குச் சிபாரிசுக் கடிதம் எழுத வேண்டிய அவசியம் இனி இல்லை. அப்பா தங்களுக்கு ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். அத்தை எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொன்னார். மாசாணம் தான் நிரபராதி என்று குறிப்பாக எழுதச் சொன்னான்.

தங்கள் அன்புள்ள தங்கை,
சாந்தாமணி

பின்குறிப்பு: கார் இல்லை. இதை உறையில் போடுவதற்குள் செங்கோட்டையன் வந்தார். ஒரே மிதியில் எழுந்த வண்டியைப் பார்த்து, பேரம்கூடப் பேசாமல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். நான் அப்பாவைப் பார்த்த பார்வைக்கு, "ஓடாத வண்டிய எவன் வாங்குவான் கண்ணு? ஓடறப்பவே வித்துப்போடோணும்," என்றார். வழியில் நின்றால் என்ன செய்வதென்று செங்கோட்டையன் கேட்டதற்கு, "அதுக்கென்னுங்க, எம்புள்ளைய அனுப்பி வெக்கறேன், ரெண்டு ஊசியில கண்டுபுடிச்சுப்போடும்," என்று என்னைக் காட்டி வாக்குக் கொடுத்துவிட்டார். "பொள்ளாச்சிக்கு நானு எதுல போறதுங்கப்பா?" என்று கேட்டேன். "பஸ்ஸுலதான்," என்றார். "பொள்ளாச்சி தூரமா, காலேஜ் தூரமாங்கப்பா?" என்றேன். அப்பா மாசாணத்தைக் கூப்பிட்டு, காலேஜுக்குப் போகும் காலை பஸ் எத்தனை மணிக்கு வருகிறதென்று கேட்டுவரச் சொன்னார்.