அலுமினியப் படகும் அடிவயிற்றுக் கலக்கமும்

அன்பும் அசட்டுத் துணிச்சலும் ஒருங்கே அமைந்த மைத்துனருக்கு,

உங்கள் அக்காவின் கணவன் பணிவன்போடு எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் அக்கா சௌக்கியம், படகும் சௌக்கியம், நான் மட்டும் சௌக்கியமில்லை. புது ஊரில் புது வேலையில் நீங்கள் சகல நலன்களோடும் நிம்மதியாகத் தூங்குவீர்கள் என்று நம்புகிறேன். என் தூக்கத்தையும் சேர்த்து நீங்களே தூங்கிக்கொண்டிருப்பதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது.

மாற்றலாகிப் போகும்போது எங்கள் கார் ஷெட்டில் ஒரு படகைப் பாதியில் விட்டுவிட்டுப் போனீர்களே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். "தகடு வளைச்சாச்சு, சட்டம் வெட்டியாச்சு, ரெண்டையும் சேர்த்து ரிவெட் அடிச்சாப் படகு ரெடி அத்தான், ஒரு குழந்தைகூடச் செய்யும்" என்றீர்கள். அந்தக் குழந்தையையும் கையோடு விட்டுவிட்டுப் போயிருக்கலாம். நான் லிஃப்ட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன். எது அறுந்து விழும், எது கழன்று வரும் என்று பயப்படுவதற்கே சம்பளம் வாங்கியவன். நானே சோதித்துக் கையெழுத்துப் போட்ட லிஃப்ட்டில்கூட ஏறாமல் படியில் போனவன். அந்தப் படகை நானாகத் தொட்டிருக்கவே மாட்டேன். உங்கள் அக்காதான் ஒருநாள் அதன்மேல் மூடியிருந்த துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, "ஏங்க, இத்தனை வருஷமா ஏரிக்கரையிலேயே குடியிருக்கோம், அக்கரை எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாதுங்க" என்றாள். என்னிடம் எதையும் வாய்விட்டுக் கேட்கிற வழக்கம் அவளுக்கு இல்லை. முடியாது என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

ஹார்டுவேர் கடையில் போய் ரிவெட் வேண்டும் என்றேன். "எந்த ரிவெட் சார்?" என்று கேட்டு, கடைக்காரர் ஏழெட்டுப் பெட்டிகளைப் பரப்பி, குழல்போல நடு ஓட்டையோடு இருந்த ஒரு ஆணியை எடுத்துக் காட்டினார். "இதுல சௌகரியம் என்னன்னா, பின்பக்கம் கை போகவே வேண்டாம். முன்பக்கமாவே ஓட்டைக்குள்ள விட்டு, நடுவுல இருக்கிற கம்பியை இந்தத் துப்பாக்கி மாதிரி இருக்கிற ரிவெட் கன்னால இழுத்தீங்கன்னா, பின்னாடி தானா உப்பிப் பிடிச்சுக்கும். கம்பி டப்புனு உடைஞ்சு கையோட வந்துரும்" என்றார். பின்னாடி சரியாகப் பிடித்ததா என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். "நம்பணும் சார்" என்றார். என் உத்தியோக காலத்தில் என்னிடம் இப்படி ஒரு பதிலை யாரும் சொல்லத் துணிந்ததில்லை. எனக்கு நம்புவதற்குத்தான் பயம். அந்தப் பயத்திலேயே, இருப்பதில் முரட்டு ரிவெட்டாக, முழுக்க இரும்பில் ஆனதைப் பார்த்து வாங்கிவந்து, ஒரு பக்கம் முழுவதும் அடித்து முடித்துவிட்டு உங்களுக்குப் போன் செய்தேன். நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். "என்ன அத்தான், அலுமினியத்துல போய் இரும்பா? ரெண்டும் ஒட்டிக்கிட்டு ஈரத்துல இருந்தா ஓட்டையைச் சுத்தி அலுமினியத்தை அரிச்சுத் தின்னுடும்" என்றீர்கள். தின்னுடும் என்ற சொல்லைச் சிரிக்காமல் சொல்லியிருக்கலாம். அன்றைக்கே ஒவ்வொரு ரிவெட்டின் தலையையும் ட்ரில்லால் துளைத்துப் பிடுங்கினேன். ஓட்டைகள் சற்று அகன்றுவிட்டன. அதற்குத் தக்கபடி ஒரு அளவு பருமனாக, உடலும் கம்பியும் அலுமினியமாகவே வாங்கினேன்.

தகடும் சட்டமும் சேர்ந்து எவ்வளவு தடிமனோ, அதற்கேற்ற நீளத்தில் ரிவெட் இருக்க வேண்டும் என்று பெட்டியிலேயே அச்சடித்திருந்தது. அளந்தேன், சரியாகவே அளந்தேன். ஆனால் லிஃப்ட்டுக்குக் கயிறு போடும்போது தேவைக்குமேல் பல மடங்கு பலமாகப் போடுவது எங்கள் துறை வழக்கம். அந்தப் பழக்கத்தில், எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு மடங்கு நீளமானதை வாங்கிவிட்டேன். நீளம் கூடினால் பிடிப்பும் கூடும் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? படகின் முன்பகுதியை நம் பழைய இரும்பு மேஜைமேல் வைத்து, ட்ரில் போட்டு, ரிவெட் விட்டு, டப் டப்பென்று அடித்து முடித்தேன். ஒவ்வொரு டப்புக்கும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. பிறகு உங்கள் அக்கா ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் படகைத் தூக்கினோம். மேஜையும் கூடவே எழுந்தது. ட்ரில் மேஜையின் மேல்தகட்டையும் துளைத்திருக்கிறது; படகின் தகடு, சட்டம், மேஜை மூன்றையும் சேர்த்துத் தைத்திருக்கிறேன். "மேஜையோடவே போயிடலாங்க, நடு ஏரியில உக்காந்து சாப்பிடறதுக்கு ஆகும்" என்று உங்கள் அக்கா சொன்னாள். மேஜையில் மாட்டாத ரிவெட்டுகளோ பிடிப்பே இல்லாமல் தொளதொளவென்று ஆடின. மறுபடி ட்ரில், மறுபடி கடை. என்னைக் கண்டதும் கடைக்காரர் எழுந்து நிற்கத் தொடங்கிவிட்டார்.

சரியான நீளத்தில் அடித்து முடித்ததும், படகை இரண்டு கட்டைகள்மேல் ஏற்றி, உள்ளே கணுக்கால் அளவு தண்ணீர் விட்டுக் கீழே படுத்துக்கொண்டு பார்த்தேன். மூக்கில் ஒரு சொட்டு விழுந்தது, அடுத்து நெற்றியில் ஒன்று. ரிவெட்டின் நடு ஓட்டை வழியாகவே தண்ணீர் வருகிறது! தண்ணீருக்குள் இருக்கும் பகுதிக்கு அடி மூடிய ரிவெட் என்று தனியாக ஒன்று உண்டாம், அதையும் நீர் புகாமல் அடைக்கிற சீலன்ட் பசை தடவித்தான் அடிக்க வேண்டுமாம். போனில் கேட்டபோது, "அது தெரிஞ்ச விஷயம்தானே அத்தான்" என்றீர்கள். யாருக்குத் தெரிந்த விஷயம்? அடிப்பகுதி ரிவெட்டுகள் முழுவதையும் பிடுங்கி, பசை தடவி, மூடிய ரிவெட்டாக அடித்து, மறுபடி தண்ணீர் விட்டேன். இந்த முறை ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. ஒழுகினால் எங்கே என்றாவது தெரியும். ஒழுகாத படகில் எதைப் பார்த்துப் பயப்படுவது என்று தெரியாமல், உங்கள் அக்காவின் கைக்கண்ணாடியைச் சந்துகளில் விட்டு ரிவெட்டுகளின் பின்பக்கத்தைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வருகிற ஞாயிறு காலை அக்கரைக்குப் போவதாக உங்கள் அக்கா முடிவு செய்துவிட்டாள். ஆரஞ்சு நிறத்தில் இரண்டு மிதவைச் சட்டைகள் வந்துவிட்டன. பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் சொல்லியாகிவிட்டது. அவளுக்கு நீச்சல் தெரியாது, எனக்கும் தெரியாது. நடு ஏரியில் ஒரு ரிவெட் தெறித்தால்கூட நான் என்ன செய்வேன்? அவளைப் பிடிப்பேனா, ஓட்டையைப் பிடிப்பேனா?  அவள் இல்லாமல் இந்த வீட்டில் எனக்கு என்ன இருக்கிறது? ஆகவே உடனே அவளுக்குப் போன் செய்து, விஷயம் தெரிந்தவர் என்ற முறையில், இந்தப் படகு லாயக்கில்லை, ஷெட்டிலேயே கிடக்கட்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். நான் எழுதியதாக மூச்சுவிட வேண்டாம்.

உங்கள் மனைவிக்கு எங்கள் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, கரையிலேயே நல்ல உத்தியோகம் பார்க்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
கைக்கண்ணாடியும் கையுமாக,
உங்கள் அத்தான்

பின்குறிப்பு: போன் செய்ய வேண்டாம். இப்போதுதான் உங்கள் அக்கா மிதவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கொக்கி சரியாக மாட்டியிருக்கிறதா என்று காட்ட வந்தாள். அவள் விரல்கள் நடுங்கின. "உனக்கும் பயமா?" என்றேன். "பின்னே? தண்ணின்னாலே எனக்குக் கை கால் உதறுங்க. என் தம்பி சிரிச்சுக்கிட்டே அடிச்ச படகா இருந்தா, அதுல என் செருப்பைக்கூட வச்சிருக்க மாட்டேன். இது நீங்க பயந்து பயந்து அடிச்ச படகு. அதனாலதான் ஏறுறேன்" என்றாள். அவள் சொன்னதை ஒரு எழுத்துக் குறைக்காமல் எழுதியிருக்கிறேன், மன்னிக்கவும். ஞாயிறு காலை போகிறோம். அவளாகக் கூப்பிட்டுக் கேட்டால், படகு முதல்தரம் என்று சொல்லுங்கள். இதுவரை படகு ஒழுகுமோ என்று பயந்துகொண்டிருந்தேன். இப்போது, ஒழுகினால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது என்று பயமாக இருக்கிறது.