அம்பத்திரண்டாவது புஸ்தகம்

வாரத்துக்கு ஒரு புஸ்தகம், வருசத்துக்கு அம்பத்திரண்டு. படிச்சு முடிக்கலைன்னா எம் பேரு சோலைராஜு இல்லைன்னு எம்பத்தொம்பது சனவரி ஒண்ணாந்தேதி ஒருத்தன் சொன்னான். பேண்டேஜ் துணிக் கம்பெனியில கட்டிங் வேல. அஞ்சாப்புல ரெண்டு வருசம் உக்காந்தவன். ராசபாளையத்துல அதுவரைக்கும் அவன் முழுசாப் படிச்சது தீப்பெட்டி லேபிளு ஒண்ணுதான்.

எதுக்கு இம்புட்டு வீராப்பு? பொண்டாட்டி பரிபூரணம் தளவாய்புரத்துக்கு நைட்டி தைக்கப் போறேன்னு நின்னா. பக்கத்து வீட்டு ஏசம்மாள் அங்கதான் மிசின் மிதிக்கா, கூட்டிட்டுப் போறேன்னுட்டா. சோலைராஜு அடுப்படியத் திரும்பிப் பாத்தான். இவ காலையில பஸ் ஏறிட்டா சோத்துக்கு எங்க போறது? எட்டாப்பு படிச்ச திமிரு ஒனக்குன்னான். நீங்க ஒரு புஸ்தகம் முழுசாப் படிச்சுக் காட்டுங்க, நான் வீட்டுலயே கெடக்கேன்னா அவ. இவன் வாய் சும்மா இருக்குமா? ஒண்ணு எதுக்கு, அம்பத்திரண்டுன்னுட்டான். ஒண்ணு கொறஞ்சாலும் அவ பஸ் ஏறலாம். ஏசம்மாள் சாட்சி.

மொத வாரமே மூணாம் பக்கத்துல கண்ணு சொக்கிருச்சு. ரெண்டாவது வாரம் வழி கண்டுபிடிச்சுட்டான். மொதப் பக்கம், கடைசிப் பக்கம், அம்புட்டுதான். ஞாயித்துக்கெழம தவறாம பரிபூரணம் கத கேப்பா. ஆரம்பத்தையும் முடிவையும் அளந்து விடுவான். நடுவுல என்னாச்சுன்னு கேட்டா, நடுவுல எல்லாரும் ரொம்பக் கஷ்டப்படுதாகம்பான். எல்லாக் கதைக்கும் பொருந்துச்சு. சமையல் புஸ்தகத்துக்குக்கூட அதத்தான் சொன்னான். அவ செத்த நேரம் மூஞ்சியையே பாத்துட்டு 'சரி'ம்பா. அந்தச் 'சரி' அவனுக்கு அடுத்த ஞாயிறு வரைக்கும் செருப்புல கல்லு மாதிரி உறுத்தும்.

டிசம்பர் கடைசியில ராசபாளையம் லைப்ரரியில ஒல்லிப் புஸ்தகமெல்லாம் தீந்துபோச்சு. சீவில்லிபுத்தூருக்கு ஓடி, சித்தப்பா மகன் ஐயாதுரை கார்டுல ஒண்ணு எடுத்தான். புத்தம் புதுசு, பசை வாசம் இன்னும் போகல. அப்பிடியே கால் கிலோ பால்கோவாவும் வாங்கிக்கிட்டான்.

முப்பத்தொண்ணாந்தேதி சாயங்காலம். ஏசம்மாள் வந்து சம்மணம் போட்டு உக்காந்துட்டா. சோலைராஜு பால்கோவாவ நடுவுல நகத்தி வச்சான். பரிபூரணம் அதத் தொடல. கதையக் கேட்டா. ஆரம்பம் சொன்னான், முடிவு சொன்னான். சட்ட முதுகுல ஒட்டிக்கிச்சு.

"நடுவுல?"

"நடுவுல எல்லாரும் ரொம்பக் கஷ்டப்படுதாக."

"நாப்பத்திரண்டாம் பக்கத்துலயுமா?"

"அங்கனதான் ரொம்ப."

அவ புஸ்தகத்த எடுத்தா. ஓரத்துல பெருவெரல வச்சு மெதுவா ஓட்டிக்கிட்டே வந்தா. வெரலு நின்னுச்சு. சோலைராஜு மூச்சும் நின்னுச்சு. பிரஸ்ஸுல தாள மடிச்சுத் தச்சவங்க ஓரத்த வெட்டாமலே அனுப்பிட்டாங்க. படிக்கிறவக கத்தியால கீறித்தான் பிரிக்கணும். நடுவுல ஒரு பக்கங்கூடப் பிரியல.

ஏசம்மாள் ஒரு கை பால்கோவாவ வாயில போட்டுக்கிட்டு நிதானமாச் சொன்னா: "ஊரு காயத்துக்கெல்லாம் துணி வெட்டுதீக. இத வெட்ட மறந்துட்டீகளே, அண்ணே."

சோலைராஜு பால்கோவாவப் பரிபூரணம் பக்கம் தள்ளினான். "ஒண்ணுதானட்டி கொறையுது. அம்பத்தொண்ணு படிச்சிருக்கேம்லா."

"அம்பத்தொண்ணும் படிச்சது நானு. நீங்க வேலைக்குப் போன பொறவு, ஒண்ணு விடாம. அந்தச் சமையல் புஸ்தகத்துல யாருமே கஷ்டப்படலைங்க."

பரிபூரணம் புஸ்தகத்த மூடிக் கீழ வச்சா.

"இது ஒண்ணுதான் பாக்கி. வருசப் பொறப்பு முடிஞ்சு செவ்வாக்கெழம பஸ்ஸுல போகயில படிச்சுக்கிடுதேன்."

சொல்லிட்டு எந்திரிச்சுப் போயி அருவாமனையக் கொண்டாந்து அவன் முன்னால வச்சா. தோத்தவன்தான் பக்கத்தக் கீறிக் குடுக்கணும் போலன்னு நெனச்சு, அவன் புஸ்தகத்துக்குக் கைய நீட்டினான்.

"அத நான் கீறிக்கிடுதேன். நீங்க வெங்காயத்த அரிஞ்சு பழகுங்க."