வீடியோ சாரின் வெள்ளை நரம்பு

தாம்பரத்தில் வீடியோ சாரின் நரம்பைப் பார்க்காதவர்கள் யாருமே கிடையாது. ரயில் மாறிப் போகிறவர்கள் வேண்டுமானால் தப்பித்திருக்கலாம்.

அவருக்குப் பின்பக்கத்தில், உட்காரும் இடத்தில், ஆபரேஷன் ஆனது. சதைக்குள் நாரில் சிக்கிக் கிடந்த கால் நரம்பை, சின்னத் துளை போட்டு, கேமராக் குழாயை நுழைத்துப் பிரித்துவிட்டார்கள். அந்த வீடியோவை ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கிக்கொண்டார். ஊர் கெட்டது அன்றைக்குத்தான். கல்யாண ரிசப்ஷன் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் போனை நீட்டுவார்.

"வெள்ளையா நெளியுது பாருங்க, அதான் என் நரம்பு!"

அந்த மனிதர் இடியாப்பத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போவார். ஒருமுறை துக்க வீட்டிலும் காட்டினார். செத்தவருக்குக் காட்ட முடியவில்லையே என்ற வருத்தம் அவர் முகத்தில் தெரிந்தது.

என் தையல் கடைக்கு அவர் வந்தால், கத்தரிக்கோலைத் தேடுவதுபோல் மேஜைக்கடியில் குனிந்துகொள்வேன். இப்படியும் ஒரு வெட்கங்கெட்ட ஜென்மமா!

எனக்கும் அதே இடத்தில்தான் வலி. மெஷினில் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் கால்வரை நெருப்பு. இப்படியே போனால் கடையை மூட வேண்டியதுதான். ஆனால் நர்ஸ் முன்னால் அந்த இடத்தை எப்படிச் சொல்வது? மூன்று வருடமாக "இடுப்பு" என்றே சொல்லிவந்தேன். இடுப்புக்கு எக்ஸ்ரே, இடுப்புக்கு பெல்ட், இடுப்புக்குத் தைலம்.

ஒருநாள் வீடியோ சார் கண்டுபிடித்துவிட்டார்.

"மாஸ்டர், ஏன் ஒரு பக்கமா உக்கார்றீங்க?"

"சும்மா சார்."

"நானும் ரெண்டு வருஷம் இப்படித்தான் சும்மா உக்காந்தேன். கிளம்புங்க!"

தன் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார்.

"எங்க வலி?" என்றார் டாக்டர்.

"இடுப்புல சார்."

"பொய், டாக்டர்!" என்ற வீடியோ சார், வெளியே காத்திருந்தவர்களுக்கும் கேட்கும்படி ஒரு வார்த்தை சொன்னார். அதை எழுதினால் என் மனைவி படிப்பாள். டாக்டர் அங்கே கட்டைவிரலால் அழுத்தினார். நான் போட்ட கத்தலில் என் இடுப்புக்கு விடுதலை கிடைத்தது.

ஸ்கேன், ஊசி, கடைசியில் அதே துளை ஆபரேஷன். நான் கண் விழித்தபோது, வீடியோ சார் என் வீடியோவையும் கேட்டு வாங்கி, பக்கத்துக் கட்டில்காரரிடம் காட்டிக்கொண்டிருந்தார்.

"மாஸ்டரோடதும் நல்லாத்தான் கீது. ஆனா என்னோடது இன்னும் வெள்ளை!"

சில மாதம் கழித்து மெஷினில் உட்கார்ந்தேன். அரை மணி ஆனது, ஒரு மணி ஆனது. வலி வரவில்லை. முதலில் தைத்தது வீடியோ சாருக்கு ஒரு பேண்ட். துணியும் என்னுடையதுதான். அவருக்கு இடது பக்கம் இன்னும் லேசாக வலிப்பதாக அவர் மனைவி சொல்லியிருந்தார். அந்த இடத்தில் உள்ளே மெல்லிசாகப் பஞ்சு வைத்துத் தைத்தேன்.

மறுவாரம் கடைக்கு வந்தார்.

"மாஸ்டர், இதைப் போட்டுக்கினு படப்பை வரைக்கும் பஸ்ல உக்காந்தே போனேன். ஒண்ணுமே தெரியல. இன்னா துணி இது?"

"நல்ல துணி சார்" என்றேன்.