பெங்களூரில் உங்கள் தம்பி செய்த போணி

மந்தைவெளி,
திங்கட்கிழமை மதியம்.

மரியாதைக்குரிய மதினி பேச்சியம்மாள் அவர்களுக்கு,

ரத்னாவின் வணக்கம். இங்கே உங்கள் தம்பி, லாவண்யா, நான் மூவரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். தென்காசியில் நீங்களும் அண்ணனும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுதல். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நினைப்பீர்கள். உங்கள் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் இருக்கிறது, மதினி. போன மாதம் என் முட்டிவலிக்கு உங்களிடம் தைலம் கேட்டேன், பதில் சொன்னது உங்கள் பக்கத்து வீட்டு அம்மா. இந்த விஷயத்தில் அவர் யோசனை எனக்கு வேண்டாம்.

விஷயம் இதுதான். வரும் ஞாயிற்றுக்கிழமை லாவண்யாவுக்குப் பூ வைக்க அடையாற்றிலிருந்து சுயம்புலிங்கம் அண்ணாச்சி குடும்பம் வருகிறது. நீங்கள் நடையாய் நடந்து பேசி முடித்த சம்பந்தம். லாவண்யாவுக்கும் அவர் மகன் ராம்குமாரைப் பிடித்திருக்கிறது. எப்படித் தெரியும் என்றால், அவனோடு பேசும்போது மட்டும் மொட்டைமாடிக்குப் போகிறாள், இறங்கி வரும்போது என்னைக் கேட்காமலே பாத்திரம் தேய்க்கிறாள். நேற்றுக் காலை அண்ணாச்சி போன் செய்தார். “பூ வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு காரியம் நேர்ல பேசணும் தங்கச்சி. போன்ல சொல்லக்கூடியதில்ல. வியாழக்கிழமை வாரேன்” என்றார். குரலில் சிரிப்பே இல்லை. அந்தக் காரியம் என்னவென்று எனக்குத் தெரியும். உங்கள் தம்பி பீர் கிளாஸும் கையுமாக நிற்கும் படத்தை அவர் பார்த்துவிட்டார்.

உட்கார்ந்துவிட்டீர்களா? மீதியைச் சொல்கிறேன்.

ஆடித் தள்ளுபடி முடிந்ததும் கடையை லாவண்யாவிடம் விட்டுவிட்டு நாங்கள் இருவரும் பெங்களூர் போனோம் அல்லவா, அங்கேதான் இது நடந்தது. ஊர் சுற்றிக் காட்டும் கம்பெனி ஒன்றின் விளம்பரத்தைப் போனில் பார்த்து இவரே பணம் கட்டினார். உங்கள் தம்பி எந்தப் படத்தைப் பார்த்தாலும் அதில் பாத்திரத்தைத்தான் பார்ப்பார் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. எங்கள் கல்யாண ஆல்பத்தில் இன்றைக்கும் அவர் விரல் வைத்துக் காட்டுவது எனக்குப் பின்னால் இருக்கும் அண்டாவை. விளம்பரத்தில் ஆள் உயரத்துக்குச் செம்புக் கொப்பரைகள் பளபளவென்று நின்றன. “பாத்திரப் பட்டறையச் சுத்திக் காட்டுதாவ. மூணு இடம். ஒரே நாளு” என்றார். கீழே எழுதியிருந்ததை அவரும் படிக்கவில்லை, நானும் படிக்கவில்லை. தியாகராய நகரில் பாத்திரக்கடை வைத்திருப்பவர் பட்டறை பார்க்கப் போவதில் நான் என்ன படித்துப் பார்க்க?

வண்டி இந்திரா நகரில் ஒரு கண்ணாடி மாளிகை முன்னால் இறக்கிவிட்டது. உள்ளே விளம்பரத்தில் பார்த்த அதே கொப்பரை. இவர் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே அதனிடம் போய், புறங்கையால் ஒரு தட்டு, காதை வைத்து ஒரு கேட்பு, இன்னொரு தட்டு. எனக்கோ வாசலிலேயே மூக்கில் ஏதோ ஒரு புளிப்பு. இட்லி மாவு பொங்கி வழிந்த மாதிரி, ஆனால் இட்லி இல்லை என்று மட்டும் தெரிந்தது. தாடி வைத்த ஒருவர் ஓடி வந்தார். விக்கி என்று பெயர். அங்கே பீர் காய்ச்சுகிற தலைமை ஆளே அவர்தான். சொந்த ஊர் நம்ம ஈக்காட்டுத்தாங்கல்.

“இன்னா சார், டாங்கியத் தட்டிக்கினு கீறீங்க? உள்ள சரக்கு கீது சார்!”

“என்ன சரக்கு?”

“பீரு சார். இன்னா, தெரியாமயா வந்தீங்க?”

மதினி, அந்த நிமிஷம் நான் இவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். கிளம்பியிருப்போம். சத்தியமாகக் கிளம்பியிருப்போம். வாசல்வரை வந்தும்விட்டோம். அங்கே நின்று இவர் திரும்பிப் பார்த்தார். கடை அப்போதுதான் திறந்திருக்கிறது. நாற்காலிகள் எல்லாம் காலி. “தம்பி, இன்னும் போணி ஆவலையோ?” என்று கேட்டார். அவர், “நீங்கதான் சார் ஃபர்ஸ்ட்டு” என்றார். அவ்வளவுதான். உங்கள் தம்பி செருப்பை மறுபடி கழற்றினார்.

“வாங்க போகலாம்” என்றேன்.

“ஏட்டி, மொத ஆளா உள்ள வந்துட்டு வெறுங்கையோட எறங்கிப் போனா அவன் யாவாரம் என்னத்துக்கு ஆவும்? நம்ம கடையில எவனாவது அப்படிப் போனா நீ அன்னைக்கு முழுக்க மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு இருப்பியே!”

“சரி, ஒரு லெமன் சோடா வாங்கிக் குடிச்சிட்டுப் போவோம்.”

“நம்ம கடைக்கு மொத ஆளா வந்து பாத்திரம் தேய்க்கிற நாரு ஒண்ணு வாங்கிட்டுப் போனா அது போணியா? கடைக்கு எது மொதலோ அதத்தான் வாங்கணும்.”

அவர் சொன்னதில் தப்பு இல்லை. அதுதான் கஷ்டம். நாம் கடைக்காரர்கள். நம் கை பட்டு ஒரு கடை அன்றைக்கு ஈ ஓட்டியது என்றால் நமக்குச் சோறு இறங்காது. ஆனால் பீர் கடைக்கும் அந்த நியாயம் உண்டா என்று இருபத்தைந்து வருஷத்தில் யோசிக்க வேண்டி வரவில்லை. விக்கி ஒரு பலகையில் நாலு குட்டி கிளாஸ் வைத்துக் கொண்டு வந்தார். ஒன்று தேன் நிறம், ஒன்று மோர் மாதிரி கலங்கல், ஒன்று சிவப்பு, ஒன்று காபி டிக்காஷன். ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி இது கோதுமை, இது வறுத்த பார்லி என்று விளக்கம் சொன்னார். புடவைக்கடையில் மடிப்பைப் பிரித்துக் காட்டுகிற மாதிரிதான். இத்தனை ரகம் பிரித்துக் காட்டியபின் எடுக்காமல் எழுந்தால் பாவம் என்று இவர் கண்ணே சொன்னது.

வாங்கினால் போதும், குடிக்க வேண்டியதில்லை என்றுதான் முதலில் முடிவு செய்தோம். ஆனால் காய்ச்சிய மனிதர் எதிரிலேயே கையைக் கட்டிக்கொண்டு முகத்தைப் பார்த்து நிற்கிறார். இவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் குடித்தார். நிலவேம்புக் கஷாயம் குடித்த முகம். “எப்படி சார்?” என்றார் விக்கி. இவர் சமாளித்து, “கொப்பரை பிரமாதம்” என்றார்.

அங்கிருந்து இரண்டாம் இடம். அங்கேயும் நாங்கள்தான் முதல் ஆள்! சுற்றிக் காட்டும் கம்பெனிக்காரன் கூட்டம் சேருமுன் கொண்டுபோய் விடுவதைப் பெரிய வசதி என்று நினைத்திருக்கிறான். மறுபடி போணி. மூன்றாம் இடத்தில் நல்ல கூட்டம், கடமை ஒன்றும் இல்லை. ஆனால் அதற்குள் இவர் முகம் சுளிப்பதை நிறுத்தியிருந்தார். காய்ச்சும் அறைக்குள் போய், மூடி எப்படி இறுகுகிறது, அடிப்பாகம் ஏன் கூம்பாக இருக்கிறது என்று கேட்டு, பதிலுக்கு வெண்கலப் பானை வார்ப்பதைப் பற்றி அவர்களுக்குச் சொல்ல, எல்லாரும் இவரைச் சுற்றி நின்று கேட்டார்கள். கல்லாவில் உட்கார்ந்தே முதுகு வளைந்த மனிதர், மதினி. அன்றைக்கு அவ்வளவு நிமிர்ந்து நின்றார். நான் ஒரு மூலையில் இருந்து பார்த்தேன். கோபப்பட வேண்டும் என்று நினைவு வரவே வெகுநேரம் ஆனது. அதற்குள் யாரோ படம் எடுத்துவிட்டார்கள். இடது கை டாங்கியின் தோளில், வலது கையில் நுரை பொங்கும் கிளாஸ், வாயெல்லாம் பல். பின்னால் நான். என் முன்னால் இரண்டு கிளாஸ். இரண்டும் அவர் என்னிடம் தள்ளிவிட்டது. அதில் ஒன்று பாதியாக இருப்பது, நான் அது என்னதான் ருசி என்று பார்த்தது. உங்களிடம் மறைப்பானேன்.

அந்தக் கடை இந்தப் படத்தைத் தன் பக்கத்தில் போட்டது. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. உங்கள் தம்பி அதை எடுத்துத் தன் வாட்ஸ்அப் முகப்பில் வைத்துக்கொண்டார். “டாங்கி நல்லா விழுந்திருக்கு” என்றார். நான் கத்திய பிறகு கத்தரித்தார். எதைக் கத்தரித்தார் தெரியுமா? என்னை. கிளாஸ் அப்படியே இருந்தது. லாவண்யாதான் போனைப் பிடுங்கி மாற்றினாள். இப்போது அங்கே திருச்செந்தூர் முருகன் இருக்கிறார். அதைப் பார்த்தால் இன்னும் திருட்டுத்தனமாகத் தெரிகிறது.

நீங்கள்தானே மதினி சொன்னீர்கள், சுயம்புலிங்கம் அண்ணாச்சி வீட்டில் இருமல் மருந்தைக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார்கள் என்று? அதைக் கேட்ட நாளிலிருந்து அவர்கள் வரும்போது நான் கஷாயப் பாட்டிலைக்கூட அலமாரிக்குள் வைக்கிறேன். இப்போது வியாழக்கிழமையை நினைத்து நான் நேற்றிலிருந்து கடைக்குப் போகவில்லை. இவரோ அசையவில்லை. “கேட்டா உள்ளதச் சொல்லுவேன். போணிதான பண்ணுனேன், கொலையா பண்ணுனேன்?” என்கிறார். இவர் வாயைத் திறந்தால் டாங்கியின் அடிப்பாகம் வரை சொல்லுவார். இந்த மனுஷன் ஒரு கடைக்காரனை ஏமாற்றக் கூடாது என்று பார்த்ததில் என் பிள்ளையின் வாழ்க்கை அந்தரத்தில் நிற்கிறது. மொட்டைமாடிக்குப் போகிறவள் நாளைக்கு மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்தால் நான் அந்தப் பக்கம் எப்படி நடப்பேன்?

ஆகவே இது கையில் கிடைத்ததும் நீங்களே அண்ணாச்சியைக் கூப்பிட்டு, என் தம்பி தனபாலன் தொழில் விஷயமாகக் கொப்பரை பார்க்கப் போனான், கையில் இருந்தது விருந்தோம்பலுக்குக் கொடுத்தது என்று பக்குவமாகச் சொல்லுங்கள். பாதி உண்மைதான். ஸ்பீக்கரை அணைத்துவிட்டுச் சொல்லுங்கள். நாங்கள் இனி அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டோம். அண்ணனுக்கு என் வணக்கம். அவர் சர்க்கரை அளவு இறங்கட்டும், உங்கள் கோபமும் இறங்கட்டும்.

என்றும் உங்கள் சொல்லுக்குக் கட்டுப்படும்,
ரத்னா

பின்குறிப்பு: கூரியருக்குக் கொடுக்கச் செருப்பை மாட்டினேன், வாசலில் சுயம்புலிங்கம் அண்ணாச்சி. வியாழன்வரை பொறுக்க முடியவில்லையாம். அவர் தண்ணீர்கூடக் குடிக்காமல், “அண்ணாச்சி, தங்கச்சி, பின்னால தெரிஞ்சா மனஸ்தாபம் வரும். எம்மவன் சனிக்கிழமையானா கூட்டாளிகளோட பீரு சாப்பிடுவான். நீங்க கடையில ஒயின் கிளாஸ்கூட விக்க மாட்டீங்கன்னு பேச்சியம்மா அக்கா சொன்னாவ. அதக் கேட்டதுலேருந்து எங்க வீட்ல தூக்கமில்ல” என்றார். இவருடைய படத்தை அவர் பார்த்திருந்தார்தான். கையிலிருந்தது அன்னாசிச் சாறு என்று நினைத்திருக்கிறார். இவர் உடனே விஷயத்தை டாங்கியின் அடிப்பாகம் வரை சொல்லிவிட்டார். இருவரும் சிரித்த சிரிப்பில் மாடியிலிருந்து லாவண்யா இறங்கி வந்து, ராம்குமார் இதை முதல் நாளே தன்னிடம் சொல்லிவிட்டதாகவும், அப்பா படத்தைத் தானும் அன்றைக்கே அவனுக்கு அனுப்பிவிட்டதாகவும் சொன்னாள். கல்யாணத்துக்கு முன் இரு குடும்பமும் ஒருமுறை பெங்களூர் போவதாகப் பேச்சு. இது மட்டும் பேச்சியம்மாள் காதுக்குப் போகக் கூடாது என்று எல்லாரும் சேர்ந்து முடிவெடுத்து, என்னிடம்தான் முதலில் சத்தியம் வாங்கினார்கள். அதனால் அண்ணாச்சியைக் கூப்பிடாமல், ஞாயிற்றுக்கிழமை ஒன்றுமே தெரியாதவர் போல வாருங்கள், மதினி. இங்கே அத்தனை பேரும் உங்களுக்காக நடிப்போம். நீங்கள் எனக்காக நடியுங்கள்.